நிலாவெளியிலிருந்து ஹெர்மிஸ் வரை: கிழக்குக் கடலில் எட்டு நாள்

நாள் 1: நிலாவெளி

இலங்கையின் கிழக்குக் கடல் சித்திரை பிறந்த பிறகுதான் தெளியத் தொடங்கும். வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவம் தீவின் மறுகரையை அடிக்கும் மாதங்களில் இந்தப் பக்கம் கடல் தட்டையாகக் கிடக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சுழியோடலாம். வடகிழக்குப் பருவம் இறங்கிவிட்டால் ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். வள்ளம் இறக்கவே முடியாத நாட்களும் உண்டு. எனவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் மாதத்தைப் பாருங்கள்.

திட்டம் இதுதான்: நிலாவெளியில் தொடங்கி, புறாத்தீவு, திருகோணமலையின் சுவாமி மலை, பிறகு தெற்கே இறங்கிக் கல்குடாவுக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல், கடைசியில் மட்டக்களப்புக்கு வெளியே 53 மீட்டரில் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல். முதல் இடத்தில் பத்து வயதுப் பிள்ளையும் இறங்கலாம். கடைசி இடத்துக்கு வருகிறவர்களில் பலர் போகக்கூடாதவர்கள். ஒரு இடம் யாருக்கு ஏற்றது என்று ஆழத்தை வைத்து மட்டும் முடிவு செய்வதுதான் நாம் அதிகம் காணும் தவறு. அங்கிருந்து மேலே வரும் வழி எப்படி, அந்த வழிக்குக் காற்று போதுமா என்பதே முதல் கேள்வி.

இன்று கரையோரம் 5 மீட்டர் மணல் தரையில் ஒரே ஒரு டைவ். வெயிட் (அமிழ்வதற்காகக் கட்டும் எடை) சரிபார்க்க. ஐந்நூறு டைவ் முடித்தவரும் இதைத் தவிர்க்கக் கூடாது. வாடகை பிசிடி (காற்று ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மேலங்கி), வேறு தடிப்புள்ள சூட், வேறு சிலிண்டர் என்றால் பழைய கணக்கு செல்லாது. இங்கே தண்ணீர் 28 முதல் 30 டிகிரி. 3 மி.மீ. சூட் போதும், சிலருக்கு வெறும் ரேஷ்கார்டே (மெல்லிய நீச்சல் மேற்சட்டை) போதும்.

முறை எளிது. மேல்பரப்பில் நிமிர்ந்து மிதந்து, பிசிடியின் காற்றை முழுதாக விட்டுவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து நிறுத்துங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். உச்சந்தலை வெளியே நின்றால் ஒரு கிலோ கூட்டுங்கள். மூச்சைப் பிடித்தும் அமிழ்ந்தால் ஒரு கிலோ குறையுங்கள். இதை நிறைந்த சிலிண்டரோடு செய்தால் கடைசியில் 2 கிலோ சேர்க்க வேண்டும். காரணம், 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 200 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) அடைத்த காற்றின் எடையே ஏறத்தாழ 2.7 கிலோ. டைவ் முடிவில் அதில் பெரும்பகுதி போய்விடும். காலையில் கல்லாகக் கிடந்த சிலிண்டர் முடிவில் மிதக்கப் பார்க்கும். ஏறும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில் உங்களை மேலே இழுத்துக்கொண்டு போவது அதுதான்.

ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மாட்டும் முன் சிலிண்டர் வால்வின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒன்று தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். உப்பும் வெயிலும் தின்ற ரிங்கில் நகத்தை வைத்தால் நெருடும், ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரியும். கரையில் வால்வைத் திறந்ததும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் வந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். “தண்ணிக்குள்ள போனா நின்றிடும்” என்பார்கள். நிற்காது. உதிரி ஓ-ரிங் நான்கைக் கையோடு வைத்திருங்கள்.

நாள் 2: புறாத்தீவு

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்தான். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். பாறைப் பொந்துகளில் வாழும் மாடப்புறாக்களால் வந்த பெயர். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு தனி, வள்ளக்கூலி தனி. பிளாஸ்டிக் பையும் போத்தலும் கொண்டுபோகாதீர்கள்.

முதன்முதலாகத் தண்ணீருக்குள் மூச்சுவிடப் போகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. அதற்குக் காரணம் மீன்கள் அல்ல, தரை. இறங்கும் இடத்தில் மணல், ஆள் நிற்கக்கூடிய ஆழம். அங்கிருந்து சரிவாக இறங்குகிறது. பயந்தால் எழுந்து நின்றுவிடலாம். அந்த நம்பிக்கை இருக்கும்போதுதான் ஒருவர் மூச்சை நிதானமாக விடுவார். சான்றிதழ் இல்லாமல் பயிற்றுநரோடு செய்யும் அறிமுக டைவுக்கு எல்லை 12 மீட்டர். ஆனால் இங்கே 6 மீட்டருக்குக் கீழே போகத் தேவையே வராது. பவளத்தின் நிறமெல்லாம் அதற்கு மேலேதான். சிவப்பு நிறம் 5 மீட்டர் தாண்டுவதற்குள் மங்கிவிடும்.

முதல் 10 மீட்டர்தான் உடம்புக்குக் கடினம் என்பதைப் புதியவர்களிடம் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மேல்பரப்பில் 1 பார் அழுத்தம், 10 மீட்டரில் 2 பார். அழுத்தம் இரட்டிப்பாகும் தூரம் இது. அடுத்த இரட்டிப்புக்கு 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆக, காதும் நுரையீரலும் அதிகம் படும் பாடு ஆழம் குறைந்த இடத்தில்தான்.

காதுக்கு: தலை நீருக்குள் போகும் முன்பே மூக்கைப் பிடித்து ஒருமுறை மெல்ல ஊதுங்கள். பிறகு ஒவ்வோர் அரை மீட்டருக்கும் ஒரு முறை, வலி வரும் முன். வலி வந்துவிட்டால் ஊதித் திறக்கப் பார்க்காதீர்கள். நடுக்காதுக்குப் போகும் குழாயின் வாய் அழுத்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும், எவ்வளவு ஊதினாலும் திறக்காது, செவிப்பறைதான் காயப்படும். ஒரு மீட்டர் மேலே ஏறுங்கள், விழுங்குங்கள், மறுபடி ஊதுங்கள். கால் கீழாக, கயிற்றைப் பிடித்து இறங்கினால் பலருக்குச் சிக்கலே வராது. சளி பிடித்தவர் இன்று கரையில் இருக்கட்டும். மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்குவது ஆபத்து: மருந்தின் வேகம் பாதி டைவில் தணிந்தால், ஏறும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கும்.

நுரையீரலுக்கு ஒரே விதி: மூச்சைப் பிடிக்காதீர்கள். 10 மீட்டரில் நிறைத்த மூச்சு மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயிலிருந்து ரெகுலேட்டர் கழன்றாலும் ‘ஆ...’ என்று சிறு குமிழி விட்டுக்கொண்டே தேடுங்கள். தேடுவதற்கு வலது தோளைத் தாழ்த்தி, கையைத் தொடையிலிருந்து பின்னோக்கி ஒரு பெரிய வட்டமாகச் சுழற்றி முன்னே கொண்டுவந்தால் குழாய் கையில் மாட்டும். கரையில் பத்துத் தடவை செய்து பாருங்கள்.

தீவின் கடல் பக்கம் கருமுனைச் சுறாக்கள் வரும். காலை 7 மணிக்குள் இறங்க வேண்டும்; ஸ்நார்க்கல் கூட்டம் வந்து தண்ணீரை அடிக்கத் தொடங்கியதும் அவை விலகிவிடும். பார்க்க ஆசைப்படுகிறவர் துரத்தக் கூடாது. மணலில் தாழ்ந்து, பவளத்தைத் தொடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நீளமாக மூச்சுவிட்டு இருந்தால் போதும். முதலில் நிழல் போல் ஒரு வளைவு. பிறகு முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்பு, அதன் கீழே மெல்லிய வெள்ளைக் கோடு. ஒன்றரை மீட்டர்கூட இராத உடல், ஒரு தசையும் விரயமாக அசையாது. குமிழிச் சத்தம் பெருத்ததும் திரும்பிவிடும்.

அஞ்ச வேண்டியது சுறாவுக்கு அல்ல. நீண்ட முள்ளுள்ள கறுப்புக் கடல்முள்ளி பாறை இடுக்கெல்லாம் இருக்கிறது. சூட்டைத் துளைத்துத் தோலுக்குள் முறியும். இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கிளாத்தி மீன் தன் கூட்டுக்கு மேலுள்ள நீரையும் சேர்த்துக் காவல் காக்கும். அது காக்கும் பகுதி கூம்பைத் தலைகீழாக வைத்ததுபோல் மேலே போகப் போக விரியும். அது தலை சாய்த்து வரும்போது மேலே ஏறினால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். துடுப்பை அதன் பக்கம் காட்டியபடி பக்கவாட்டில் விலகுங்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து வள்ளத்தின் விசிறி. இங்கே வள்ளப் போக்குவரத்து அதிகம் என்பதால் 4 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறினாலும் அடையாள மிதவையை முதலில் மேலே அனுப்பிவிட்டு, அதன் கயிற்றோடு ஏறுங்கள்.

பவளம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லை. கடல்நீர் சூடேறும்போது வெளுப்பது ஒரு அடி, மிதித்து நடக்கும் சுற்றுலாப் பயணிகளின் கால் ஓயாத அடி. மான்கொம்புப் பவளம் மீண்டும் தளிர்த்திருக்கும் இடங்களுக்கு மேலே போகும்போது துடுப்பை முழங்காலுக்கு மேல் மடித்துத் தவளைபோல் உதையுங்கள். ஒரு உதை பல ஆண்டு வளர்ச்சியை ஒடித்துவிடும், தயவுசெய்து.

நாள் 3: சுவாமி மலை

திருக்கோணேச்சரம் நிற்கும் குன்று கடலுக்குள் செங்குத்தாக விழுகிறது. 1622இல் போர்த்துக்கீசர் கோயிலை இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவருக்குப் போனது, ஒரு பகுதி கடலுக்குள் விழுந்தது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்தக் குன்றின் அடியில் சுழியோடி அந்தக் கற்களைக் கண்டார்கள். தேவாரப் பாடல் பெற்ற தலத்தின் தூண்களைக் கடலடியில் பார்க்கலாம் என்பதே தமிழர் ஒருவர் இங்கே இறங்கப் போதுமான காரணம்.

புறாத்தீவில் தேறியவர் உடனே இங்கே வரலாமா? ஆழம் தடையில்லை. 18 மீட்டர் சான்றிதழ் உள்ளவருக்கு இங்கே நிறையவே பார்க்க இருக்கிறது. தடை அலைதான். குன்றில் மோதிய அலை திரும்பி வந்து, வரும் அலையோடு மோதும். மேல்பரப்பு கொதிப்பதுபோல் இருக்கும். கீழே நீர் முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று மீட்டர் ஊஞ்சலாடும். புதியவர் அந்த ஊஞ்சலை எதிர்த்து உதைப்பார், பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும், சிலிண்டர் பாதியாகும். எதிர்க்காதீர்கள். நீர் முன்னே தள்ளும்போது உதையுங்கள், பின்னே இழுக்கும்போது சும்மா இருங்கள். பாறைக்கும் உங்களுக்கும் இடையில் எப்போதும் ஓர் ஆள் நீளத்துக்குமேல் இடைவெளி வேண்டும். 20 டைவ் முடிக்காதவர் கடல் கண்ணாடிபோல் இருக்கும் காலையில் மட்டும், வழிகாட்டி ஒருவருக்கு இருவர் என்ற கணக்கில் இறங்கலாம்.

மேலே வரும் இடம் குன்றின் அடியாக இருக்கக் கூடாது. 80 பாரில் குன்றை விட்டுத் திசைகாட்டி பார்த்து வெளிக்கடல் நோக்கி ஐந்து நிமிடம் நீந்தி, அங்கே மிதவை விட்டு ஏறுங்கள். வள்ள ஓட்டியிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். பாறையடியில் ஆள் ஏற்ற எந்த ஓட்டியாலும் முடியாது.

கீழே உருண்டைப் பாறைகள், வீடளவு. நடுநடுவே அந்தக் கற்கள். முதலில் கண்ணுக்குப் படாது, ஏனென்றால் எல்லாவற்றின் மேலும் ஒரே கடற்பஞ்சும் சுண்ணப்பாசியும் படர்ந்திருக்கின்றன. ஓரங்களைத் தேடுங்கள். கடல் எதையும் உருட்டும், செங்கோணமாக வெட்டாது. பாசி மூடிய ஒரு விளிம்பு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடி, இன்னொரு நேர் விளிம்பைச் சந்திக்கிறது என்றால் அது உளி பட்ட கல். சதுரத் தூணின் துண்டு ஒன்றை இப்படித்தான் அடையாளம் காண முடியும். கை வைக்காதீர்கள், சுரண்டிப் பார்க்காதீர்கள்.

இங்கே வேறொன்றையும் கவனியுங்கள். கரைக்கு மிக அருகிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு இருப்பதால் சில நாட்களில் குளிர்நீர் மேலெழுந்து வரும். 15 மீட்டருக்குக் கீழே சட்டென்று நீர் குளிர்ந்து, பார்வை நெய் கலந்ததுபோல் கலங்கும். பதற வேண்டியதில்லை, இரண்டு மீட்டர் ஏறினால் தெளிந்த சூட்டுநீர். கடற்படைத் தளமும் துறைமுக வாயும் பக்கத்தில் இருக்கின்றன. போகலாமா என்பதை முந்தின நாளே டைவ் நிலையத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாள் 4: தெற்கே

தெருவழியாகத் திருகோணமலையிலிருந்து கல்குடா. இன்று டைவ் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து இறங்கிய உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு நல்லது; தண்ணீர் நிறையக் குடியுங்கள், நீர்வறட்சி அழுத்தநோய்க்கு (ஏறும்போது உடம்பில் கரைந்த வாயு குமிழியாவதால் வரும் நோய்) வழிவிடும். மாலையில் பாசிக்குடாவின் தட்டைக் கடலில் காலை நனைக்கலாம். கூட வந்த புதியவருக்கு இன்னும் பழக்கம் வேண்டுமென்றால் காயான்கேணிப் பவளப்பாறை பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த இரண்டு நாள் அவருக்கு அதுவே போதும், கப்பலுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நாள் 5: பிரிட்டிஷ் சார்ஜன்ட்

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல். 5,868 டன். இரண்டாக முறிந்து 24 மீட்டர் அளவில் கிடக்கிறது. 30 மீட்டர் சான்றிதழும், கயிற்றைப் பிடித்து நடுக்கடலில் இறங்கிய பழக்கமும் உள்ளவருக்கு உரிய இடம்.

காலை 6:30க்கு வள்ளம். வெயில் ஏறியதும் காற்று எழும், நீரோட்டமும் பெரும்பாலும் கூடும். கப்பலில் கட்டிய கயிற்றின் மிதவை தண்ணீருக்குள் பாதி அமிழ்ந்து, அதன் பின்னால் நீர் வாய்க்கால் போல் ஓடுகிறதா என்று பாருங்கள். அமிழ்ந்திருந்தால் அரைமணி பொறுங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் திரும்பிவிடுங்கள்.

இப்போது காற்றுக் கணக்கு. நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிற ஒருவர், 11.1 லிட்டர் சிலிண்டர், 200 பார்: மொத்தம் 2,220 லிட்டர். புறாத்தீவில் 10 மீட்டருக்குப் போனால் நிமிடத்துக்கு 40 லிட்டர்; 50 பாரை ஒதுக்கி வைத்தும் 41 நிமிடம் கிடைக்கும். இங்கே 24 மீட்டரில் நிமிடத்துக்கு 68 லிட்டர். ஒதுக்கும் அளவும் மாறும். கூட்டாளியின் காற்று தீர்ந்து இருவரும் ஒரே சிலிண்டரில், பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் வீதம் மூச்சுவிட்டு ஏற வேண்டிய நிலையை நினையுங்கள். கீழே ஒரு நிமிடம் 204 லிட்டர், ஏற மூன்று நிமிடம் 396, 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம் 270. கூட்டினால் 870 லிட்டர், அதாவது 78 பார். எல்லாரும் சொல்லும் ‘50 பாரில் மேலே’ இங்கே போதாது. 80 பாரில் கயிற்றைப் பிடித்து ஏறத் தொடங்க வேண்டும். அடியில் உங்களுக்கு இருப்பது 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

இதில் பலர் நைட்ராக்ஸ் 32 (32 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்று) எடுத்தால் நேரம் நீளும் என்று எண்ணுகிறார்கள். சாதாரணக் காற்றில் 25 மீட்டருக்குப் பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் அட்டவணை தரும் எல்லை 29 நிமிடம். உங்கள் சிலிண்டரோ 20 நிமிடத்தில் தீர்கிறது. முதல் டைவில் நைட்ராக்ஸ் ஒரு நிமிடமும் கூட்டித் தராது. அது உதவுவது உடம்பில் நைட்ரஜன் குறைவாகச் சேர்வதில், இரண்டாவது டைவில், நாளை மறுநாளைக்கு. எடுத்தால் சிலிண்டரை நீங்களே ஆக்சிஜன் மானியில் வைத்துப் பாருங்கள்: 32 என்று எழுதியது 36 காட்டினால் அனுமதி ஆழம் 33 மீட்டரிலிருந்து 28 ஆகக் குறையும். இங்கே இரண்டுமே போதும், ஆனால் பார்க்காமல் இறங்கும் பழக்கம் வேறெங்கோ ஆளைக் கொல்லும்.

கப்பலின் நிழலில் வெளவால் மீன் கூட்டம், தகட்டின் அடியில் ஆளளவு கலவாய், துளைகளில் அஞ்சாளை. துருப்பிடித்த விளிம்பைப் பிடித்து ஓய்வெடுக்காதீர்கள். கல்மீன் துருவின் நிறத்திலேயே இருக்கும், சிங்கமீன் தகட்டுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேற்படாமல், அரைமணிக்கு மேல் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள், மருத்துவரிடம் போங்கள்.

பெரிய தொல்லை வலை. சிக்கிக் கைவிட்ட நைலான் வலை பச்சைநீரில் கண்ணுக்குத் தெரியாது. மாட்டியதும் திரும்பாதீர்கள், திரும்பினால் சிலிண்டர் வால்வில் சுற்றிக்கொள்ளும். நின்று, ஒரு அடி பின்னோக்கிப் போய், கூட்டாளியை விளக்கால் கூப்பிடுங்கள். கத்தியைவிட, பிசிடி தோள்வாரில் மாட்டும் வார் அறுக்கும் சிறு வெட்டி மேலானது; ஒரு கையால் எடுக்கலாம், குத்தாது. காலில் கட்டிய பெரிய கத்தியே வலையில் மாட்டும். கப்பலுக்குள் நுழைவதற்குத் தனிப் பயிற்சியும் வழிக்கயிறும் வேண்டும். 80 ஆண்டு கடந்த துரு உங்கள் மூச்சுக் குமிழி பட்டாலே உதிர்ந்து, நுழைந்த வாசலைச் சில நொடியில் மறைத்துவிடும்.

நாள் 6: மட்டக்களப்பு, கணக்குப் பார்க்கும் நாள்

இன்று தாளும் பேனாவும். கல்லடியில் தங்கல். இரவில் பாலத்தடியில் பாடும் மீனுக்குக் காது கொடுக்கலாம், பகலில் சிலிண்டருக்கு.

ஹெர்மிஸ் 53 மீட்டர் தரையில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அழுத்தம் 6.3 பார். இங்கே ஒற்றைச் சிலிண்டரில், சாதாரணக் காற்றில், ‘தொட்டுவிட்டு வருவோம்’ என்று இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நேற்றுப் போட்ட அதே கணக்கைப் போடுங்கள். இருவர் பதற்றத்தில் அடியில் இரண்டு நிமிடம்: 756 லிட்டர். அங்கிருந்து 21 மீட்டர் வரை ஏற நான்கு நிமிடம்: 1,128. அங்கே ஆக்சிஜன் கூடிய தனிச் சிலிண்டருக்கு வாயு மாற்ற ஒரு நிமிடம்: 186. மொத்தம் 2,070 லிட்டர். அலுமினியச் சிலிண்டர் ஒன்றில் இருப்பதே 2,220. ஒதுக்க வேண்டியதை ஒதுக்கினால் இறங்குவதற்குக்கூட மிச்சமில்லை. அதிர்ஷ்டம் இருக்கும் வரை திரும்பி வந்துகொண்டிருப்பார்கள்.

காற்றே சரியான வாயுவும் அல்ல. 53 மீட்டரில் அது ஒரு லிட்டருக்கு 8 கிராம் எடை ஆகிறது. டெக்னிக்கல் டைவிங்கில் 6.2 கிராமைத் தாண்டக் கூடாத எல்லையாக வைக்கிறார்கள். அதற்கு மேல் நுரையீரல் கரியமிலவாயுவை வெளியேற்றத் திணறும், அது நைட்ரஜன் மயக்கத்தோடு சேர்ந்தால் எளிய வால்வைத் திருப்பக்கூடத் தோன்றாது. எனவே ட்ரைமிக்ஸ், அதாவது ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் கலந்த வாயு. ஆக்சிஜன் 21, ஹீலியம் 35 கலவையில் அடர்த்தி 5.8 கிராம், மயக்கம் 31 மீட்டரில் காற்று தருவது போன்ற அளவு. 18/45 (ஆக்சிஜன் 18, ஹீலியம் 45) இன்னும் தெளிவு. ஹீலியத்துக்கு வாரங்களுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும், வந்து இறங்கிக் கேட்டால் கிடைக்காது.

இரட்டை 12 லிட்டர் சிலிண்டர். ஒதுக்கு 2,070 லிட்டர் என்றால் 24 லிட்டருக்கு 86 பார், 90 என்று வையுங்கள். 220 பார் நிறைத்திருந்தால் மிச்சம் 3,120 லிட்டர். இறங்க 220, ஏற 375 போக, அடியில் நிமிடத்துக்கு 126 லிட்டர் வீதம் 20 நிமிடம் கிடைக்கும். ஆனால் அவசரமாக அடைத்த சிலிண்டர் சூட்டில் 220 காட்டும், இரவில் ஆறி 200க்கு வரும். அந்த 20 பாரின் விலை நான்கு நிமிடம். காலையில் மறுபடி அளந்து, 16 நிமிடத்துக்குத் திட்டத்தை மாற்றி எழுதுங்கள். வள்ளத்தில் ஏறிய பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

டீகோவுக்கு (உடம்பில் சேர்ந்த வாயு வெளியேற, ஏறும் வழியில் நின்று நின்று வருவது) 50 விழுக்காடு ஆக்சிஜன், தனிச் சிலிண்டர். அதன் உடலில் 21 என்று உள்ளங்கையளவு எண் எழுதி, அது உங்கள் கூட்டாளி பார்க்கும் பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள். 21 மீட்டருக்குக் கீழே அதை வாயில் வைத்தால் வலிப்பு வரலாம். மாற்றும் முறை: ஆழமானியைப் பார், எழுத்தைப் படி, குழாயை விரலால் சிலிண்டர்வரை தடவிப் போ, கூட்டாளி தலையசைத்த பிறகு மூச்சு.

அவசரத்திட்டத்தையும் இன்றே எழுதுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் வள்ளத்தில் எங்கே, எத்தனை லிட்டர், யார் தருவது, அழுத்த அறைக்கு எந்த வழி, யாரை அழைப்பது. ஓட்டிக்கும் ஒரு படி.

நாள் 7: ஹெர்மிஸ்

விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் இது. 1919இல் நீரிலிறங்கி 1924இல் பணிக்கு வந்தது. தாக்குதல் வரும் என்று தெரிந்து முந்தின இரவே திருகோணமலையை விட்டு வெளியேறியிருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுபிடித்துத் தாக்கி மூழ்கடித்தபோது மேல்தளத்தில் ஒரு விமானமும் இல்லை. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரி வாம்பயரும் மூழ்கியது. தப்பியவர்களில் பலரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றியது. இது கல்லறை. எதையும் எடுக்கக் கூடாது, உள்ளே நுழையக் கூடாது.

கயிறு கிடைத்தால் டைவ், கிடைக்காவிட்டால் இல்லை. இறங்கும்போது நீரோட்டத்தில் கயிற்றைத் தவறவிட்டவர் நீந்திப் பிடிக்க முயலக் கூடாது. மூச்சு வாங்கிய உடம்போடு 50 மீட்டருக்குப் போவது இந்த டைவின் மிக மோசமான தொடக்கம். மிதவை விட்டு ஏறிவிடுங்கள். 6 மீட்டரில் ஒரு நிமிடம் நின்று ஒருவர் உபகரணத்தை மற்றவர் சுற்றிப் பார்த்துக் குமிழிக் கசிவு உண்டா என்று தேடுங்கள். பிறகு நிமிடத்துக்கு 18 மீட்டர் வீதம் இறக்கம்.

கப்பலின் மேல்விளிம்பு தரையிலிருந்து பத்து மீட்டர் அளவு உயரத்தில் நிற்கும். அதிலேயே நின்றுவிடலாம், மணலைத் தொட வேண்டிய அவசியமில்லை, ஒவ்வொரு மீட்டர் மிச்சமும் காற்றாகவும் டீகோவாகவும் திரும்பிவரும். விமான எதிர்ப்புப் பீரங்கியின் குழல் பக்கவாட்டில் நீண்டு நிற்கிறது, மென்பவளம் போர்த்தி. அதைச் சுற்றிச் சீலா மீன்கள் ஒரே திசை பார்த்து நிற்கும். அவை பார்க்கும் திசைதான் நீரோட்டம் வரும் திசை. அந்தப் பக்கமாக முதலில் போங்கள், திரும்பும்போது நீரே கயிற்றுக்குக் கொண்டுவரும். கயிற்றின் அடியில் மின்னும் விளக்கு ஒன்றைக் கட்டி வைத்திருந்தால் கலங்கிய நாளிலும் கண்டுபிடிக்கலாம்.

16ஆவது நிமிடம் கயிறு. 21 மீட்டரில் வாயு மாற்றம். அதன்பின் ஏறத்தாழ அரைமணி நேரம் ஏணிப்படிபோல் நிறுத்தங்கள், கடைசி 6 மீட்டரில்தான் அதிகம். நீரோட்டம் உள்ள கயிற்றைக் கையால் பிடித்துக் கொடிபோல் பறந்துகொண்டிருந்தால் தோள் களைக்கும், ஆழம் ஏறி இறங்கும். இரண்டு மீட்டர்ச் சிறுகயிறு ஒன்றைக் கயிற்றில் கொளுவி, மறுமுனையை இடுப்பு வளையத்தில் மாட்டிக்கொண்டு உடம்பைத் தளர்த்தி விடுங்கள். நீரோட்டம் மிகுந்தால் குழு முழுவதும் ஒன்றாகக் கயிற்றை விட்டு, மிதவையோடு மிதந்தபடி டீகோ முடிக்கலாம். அதற்கு மேலே வள்ளம் நங்கூரமில்லாமல், எஞ்சின் தயாராக, மிதவையைக் கண்ணால் தொடர வேண்டும். ஆரஞ்சு மிதவை என்றால் எல்லாம் சரி, மஞ்சள் என்றால் உதவி வேண்டும் என்று ஓட்டியோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசி 6 மீட்டரை ஏற ஆறு நிமிடம் எடுங்கள். ஏறியதும் கனத்த சிலிண்டரைத் தூக்கி வள்ளத்தில் போடாதீர்கள். நீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு ஏறுங்கள். தோள்மூட்டு வலி, தோலில் சிவப்புத் தடிப்பு, காரணமில்லாத களைப்பு, காலில் மரமரப்பு, இதில் எது வந்தாலும் உடனே ஆக்சிஜன். ‘பாரம் தூக்கியதால் வந்த வலி’ என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இரண்டு மணி நேரம் கழிப்பதுதான் நோயை முற்றச் செய்கிறது.

நாள் 8: உலர்நாள்

ஒரே ஒரு டைவ், டீகோ இல்லாமல் என்றால் விமானம் ஏற 12 மணி நேரம். பல நாள் தொடர் டைவ் என்றால் 18. நேற்றைப்போல் டீகோ செய்திருந்தால் 18ஐவிட நன்றாகக் கூடுதலாக, குறைந்தது 24 மணி நேரம் தரையில் இருங்கள். தரை என்றால் தாழ்ந்த தரை. மட்டக்களப்பிலிருந்து ஊர் திரும்பும் வழியில் எல்ல, நுவரெலியா பார்த்துவிடலாம் என்று தோன்றும். எல்ல 1,000 மீட்டர், நுவரெலியா 1,800க்கும் மேல். அழுத்தம் குறையும் விஷயத்தில் மலைப்பாதைக்கும் விமானத்துக்கும் உடம்பு வேறுபாடு பார்க்காது. பொலன்னறுவை வழியாகத் தாழ்நிலத்தில் போகும் ரயிலே இன்றைக்கு ஏற்றது.

மிச்ச நேரத்தில் உபகரணத்தைக் கழுவுங்கள். ரெகுலேட்டரின் முதல்நிலை மூடியை நன்றாகத் துடைத்து உலர்த்தி இறுக்கிய பிறகே நன்னீரில் போட வேண்டும். ஈரமூடி உள்ளே நீரைத் தள்ளும். ஊறும்போது இரண்டாம்நிலையின் பொத்தானை அழுத்தாதீர்கள், குழாய் வழியே நீர் உள்ளே ஏறும். பிசிடிக்குள் கால்பங்கு நன்னீர் விட்டுக் குலுக்கித் தலைகீழாக வடியுங்கள், இரண்டு தடவை. பிறகு பாதி ஊதி நிழலில் தொங்கவிடுங்கள். கம்ப்யூட்டரைப் பெட்டியில் வைக்காதீர்கள், கையிலேயே இருக்கட்டும். விமானம் ஏறக்கூடாது என்ற குறி அதன் திரையில் அணையும் வரை.